கான்ட்ராக்டர் செய்த வேலையில் கோளாறா? உடைப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

வீடு புதுப்பிக்கும்போது கான்ட்ராக்டரோடு வரும் தகராறுகள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒரு கட்டுமானப் பொறியாளரும் ஒரு நுகர்வோர் வழக்கறிஞரும் சேர்ந்து எழுதிய பதில்கள்.

கேள்வி: மாடி வீட்டில் இரண்டு குளியலறைகளை, மெட்டீரியலோடு சேர்த்து 3,40,000 ரூபாய்க்குப் பேசிப் புதுப்பித்தோம். 3 லட்சம் கொடுத்தாகிவிட்டது. நான்கே மாதத்தில் தரை டைல்ஸைத் தட்டினால் பொக்கையாகச் சத்தம் வருகிறது. கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் இறங்குகிறது. "ஓரத்தில் சிலிகான் அடித்தால் நின்றுவிடும், மீதி 40,000-ஐக் கொடுங்கள்" என்கிறார் கான்ட்ராக்டர். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது, வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷன் மட்டும் இருக்கிறது. வேறு ஆளை வைத்து உடைத்துச் சரிசெய்துவிடலாமா?
(வாசகி, திருச்சி)

பதில்: இப்போதைக்கு உடைக்காதீர்கள். சிலிகான் அடிக்கவும் விடாதீர்கள். உடைத்த மறுநாள் உங்களிடம் மிஞ்சுவது இடிபாட்டு மூட்டைகள் மட்டுமே. "என் வேலை நன்றாகத்தான் இருந்தது, புதிதாக வந்தவர் கெடுத்துவிட்டார்" என்று அவர் சொன்னால் மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. சிலிகான் மேலே தெரியும் இடுக்கை மூடும், அவ்வளவுதான். டைல்ஸுக்கு அடியில் தேங்கிய தண்ணீர் தன் வழியில் இறங்கிக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பிரித்தறியுங்கள். குளியலறையை ஒரு நாள் முழுக்கப் பயன்படுத்தாமல் பூட்டி வையுங்கள். அப்போதும் கீழே சொட்டு நிற்கவில்லை என்றால் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிளம்பரை அழைத்து, கீசரைக் கழற்றி, சிபிவிசி எனப்படும் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயின் வாய்களை எல்லாம் அடைத்து, கை பம்பால் 10 கிலோ வரை அழுத்தம் ஏற்றி ஒரு மணி நேரம் விடச் சொல்லுங்கள். பம்பில் உள்ள அழுத்தமானியின் முள் இறங்கினால் குழாய் இணைப்பில் கசிவு இருக்கிறது. முள் அசையவில்லை என்றால் குழாய் குற்றமற்றது. முள்ளையும் கடிகாரத்தையும் ஒரே படத்தில் வருமாறு ஆரம்பத்திலும் முடிவிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர் தேக்கும் சோதனை. நஹானி டிராப்பின் (தரையில் தண்ணீர் வெளியேறும் துளை) வாயைத் துணிப் பந்தாலோ ரப்பர் அடைப்பானாலோ இறுக அடைத்து, வாசலில் களிமண்ணாலோ மணல் பையாலோ அணை கட்டி, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். மட்டத்தைச் சுவர் டைல்ஸில் மார்க்கரால் குறித்துவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, ஈரம் இறங்கும் அறையின் மின்விளக்கு இணைப்பை அணைத்து வைக்கச் சொல்வது கட்டாயம். மட்டம் கணிசமாக இறங்கி, கீழே ஓதமும் பரவினால், வாட்டர்புரூஃபிங் தோற்றுவிட்டது. பெரும்பாலும் கசிவது நஹானி டிராப்பைச் சுற்றியும், தரையும் சுவரும் சேரும் மூலையிலும்தான். தரையில் பூசிய பூச்சைச் சுவரில் குறைந்தது 300 மில்லிமீட்டர் உயரத்துக்கும், ஷவர் இருக்கும் பக்கத்தில் ஆறடி வரைக்கும் ஏற்றியிருக்க வேண்டும். ஒரே ஒரு கோட் மட்டும் அடித்துவிட்டு, அது காய்வதற்குள் டைல்ஸ் பதித்தால் அந்தப் பூச்சு இருந்தும் இல்லாததுபோல்தான்.

இனி பொக்கைச் சத்தம். ஒவ்வொரு டைல்ஸின் நான்கு மூலையிலும் நடுவிலும் மரக்குச்சியால் தட்டுங்கள். சத்தம் மாறும் இடங்களில் சாக்பீஸால் குறியிட்டு, அறை முழுதும் தெரிய ஒரு படமும் குறிகள் தெரியக் கிட்டத்தில் சில படங்களும் எடுங்கள். மொத்தம் எத்தனை டைல்ஸ், அதில் பொக்கை எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீத ஈரத்தைக்கூட உறிஞ்சாது. அதனால் சிமென்ட் பால் ஊற்றிப் பதிக்கும் பழைய முறையில் அது பிடிக்காது. ஐஎஸ் 15477 தர முத்திரை உள்ள டைல் பசையை, பல்லுள்ள கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுத்துப் பதிக்க வேண்டும். நேரம் மிச்சம் பிடிக்க நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அழுத்துகிறார்கள். இடையில் விடுபட்ட வெற்றிடம்தான் நீங்கள் கேட்கும் சத்தம். தண்ணீர் தேங்குவதும் அங்கேதான். 20 கிலோ பசை மூட்டை ஒன்று, 3 மில்லிமீட்டர் கனத்தில், ஏறத்தாழ 50 சதுர அடிக்கு வரும். இரண்டு அறைகளின் தரையும் சுவரும் சேர்ந்து 500 சதுர அடி என்றால் பத்து மூட்டை இறங்கியிருக்க வேண்டும். கடை பில்லில் நான்கு மூட்டைதான் என்றால் அந்த பில்லே உங்களுக்குச் சாட்சி.

இவ்வளவும் கையில் வந்தபின், உள்ளாட்சியில் பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரையோ சார்ட்டர்டு என்ஜினியர் ஒருவரையோ அழைத்து அறிக்கை வாங்குங்கள். "வேலை தரமில்லை" என்று ஒரு வரி எழுதி வாங்குவதால் பயனில்லை. கோளாறு என்ன, அது எதனால் வந்தது, சரிசெய்ய என்ன செய்ய வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும் என்ற நான்கும் ஒவ்வொரு கோளாறுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். அந்த நான்காவது விவரத்தை விட்டுவிடுவதால்தான் பல வழக்குகளில் கேட்டதில் பாதிகூடக் கிடைப்பதில்லை.

அறிக்கையின் நகலோடு கான்ட்ராக்டருக்குக் கடிதம் அனுப்புங்கள். 15 நாளுக்குள் வந்து பார்த்து, அறிக்கையில் சொன்னபடி சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும், தவறினால் வேறு ஆளை வைத்துச் சரிசெய்து செலவை அவரிடம் கோருவீர்கள் என்று அதில் இருக்கட்டும். ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டிலும், வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். தபாலை வாங்க மறுத்தால் திரும்பி வரும் உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள். மீதி 40,000 ரூபாயை நிறுத்தி வைக்கலாம். ஆனால் எதற்காக நிறுத்துகிறீர்கள் என்பதை அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். காரணம் சொல்லாமல் நிறுத்தினால் பாக்கி வைத்த ஆள் நீங்கள்தான் என்று ஆகிவிடும்.

கெடு முடிந்தபின் உடைத்துச் சரிசெய்யலாம். அப்போது பெயர்க்கும் டைல்ஸ் சிலவற்றை உடையாமல் எடுத்து, பின்புறத்தைப் படம் எடுத்து, இரண்டு மூன்றைப் பத்திரமாக வையுங்கள். பின்பக்கத்தில் ஐந்து இடத்தில் மட்டும் பசை ஒட்டி, மற்ற இடம் கடையில் வாங்கியபோது இருந்ததுபோல வழவழப்பாக இருந்தால், அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்து ஒப்பந்தம் இல்லையே என்று கலங்க வேண்டாம். வாய்மொழியாகப் பேசியதும் ஒப்பந்தம்தான். வாட்ஸ்அப் கொட்டேஷனும், யூபிஐ மூலம் பணம் கொடுத்த வங்கிக் கணக்கு விவரமும், "நாளைக்கு வர்றேன் மேடம்" என்று அவர் அனுப்பிய செய்திகளும் சேர்ந்தால் போதும். உரையாடலை ஏற்றுமதி செய்து வேறோர் இடத்திலும் சேமித்துவையுங்கள், கைபேசியை மாற்றிவிடாதீர்கள். மின்னணுப் பதிவுகளைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் 2023 என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி சான்று இணைப்பது பாதுகாப்பு.

அவர் வழிக்கு வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வீடு கட்டும் பணி நுகர்வோர் சட்டத்தின்கீழ் 'சேவை' என்பதை உச்ச நீதிமன்றம் 1993-இலேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் தெளிவாக்கிவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. கான்ட்ராக்டர் வெளியூர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கோளாறு வெளிப்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் கெடு. அதற்கு முன்னால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்வதும் நல்லது. ஆனால் அந்தப் புகார் இரண்டு ஆண்டுக் கெடுவை நிறுத்தாது.

கேள்வி: ஹாலும் சமையலறையும் மாற்றியமைக்க 8 லட்சத்துக்குப் பேசி, 6 லட்சம் கொடுத்தபின் கான்ட்ராக்டர் வரவேயில்லை. போனையும் எடுப்பதில்லை. அவருடைய டிரில் மெஷினும் சாரக் குழாய்களும் இங்கே கிடக்கின்றன. அவற்றைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாமா? 6 லட்சத்தையும் திருப்பிக் கேட்க முடியுமா? போலீஸில் புகார் கொடுத்தால் சீக்கிரம் முடியுமா?
(வாசகர், மதுரை)

பதில்: கருவிகளைப் பிடித்து வைக்காதீர்கள். வழக்கில் உங்கள் மேல் குற்றம் சாட்ட அவருக்கு நீங்களே எடுத்துக் கொடுக்கும் காரணமாகிவிடும் அது. என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் எழுதி, படம் எடுத்து, "இந்தத் தேதிக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி அனுப்புங்கள். எடுக்க வருபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

6 லட்சத்தையும் கேட்க முடியாது. செய்த வேலைக்கு உரிய மதிப்பு அவருக்குச் சேர வேண்டும். கணக்கைச் சரியாகப் போடுங்கள். பொறியாளரை வைத்து முடிந்த வேலையை ஒப்பந்த விலையில் மதிப்பிடச் சொல்லுங்கள். அது 3.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மீதி வேலையை முடிக்க வேறு கான்ட்ராக்டர் 5.2 லட்சம் கேட்கிறார். உங்கள் மொத்தச் செலவு 6-உம் 5.2-உம் சேர்ந்து 11.2 லட்சம். பேசியது 8 லட்சம். ஆக நட்டம் 3.2 லட்சம். இன்னொரு வழியாகப் பார்த்தாலும் அதுவேதான்: கூடுதலாகக் கொடுத்த 2.5 லட்சம், மீதி வேலையில் விலை ஏறிய 70,000. பலர் 2.5 லட்சத்தைத் திருப்பிக் கேட்டு, புதியவர் கேட்ட 5.2 லட்சத்தையும் சேர்த்து 7.7 லட்சமாக மனுவில் எழுதிவிடுகிறார்கள். ஒரே நட்டத்தை இரண்டு தடவை கேட்பதைப் பார்த்ததும் மனுவில் உள்ள மற்ற கணக்குகள் மேலும் சந்தேகம் விழும். வாடகை வீட்டில் கூடுதலாக இருக்க நேர்ந்திருந்தால் அந்த வாடகையை ரசீதோடு தனியாகக் கேளுங்கள். மன உளைச்சலுக்கான இழப்பீடும், வழக்குச் செலவும் அதற்குப் பின்.

புதியவர் கை வைப்பதற்கு முன் இருக்கும் நிலையை அளந்து பதிவுசெய்வது இங்கே உயிர்நாடி. அளக்கும் நாளையும் நேரத்தையும் பழைய கான்ட்ராக்டருக்கு எழுதித் தெரிவித்து, வரச் சொல்லுங்கள். வந்தால் அளவுத்தாளில் அவர் கையெழுத்து. வராவிட்டால், அழைத்தும் வரவில்லை என்பது பதிவாகும். பிரித்துப் போட்ட வயரிங், சுவரில் வெட்டிய பள்ளம், இறக்கி வைத்த டைல்ஸ் பெட்டிகள், சிமென்ட் மூட்டைகள் எல்லாவற்றையும் எண்ணுங்கள். இறக்கிய பொருளுக்குக் கடையில் அவர் பாக்கி வைத்திருந்தால் கடைக்காரர் உங்கள் வாசலுக்கு வருவார். அவரிடம் பொருள் வாங்கியது நீங்கள் அல்ல என்பதையும், கான்ட்ராக்டருக்கு நீங்கள் கொடுத்த தொகையின் விவரத்தையும் காட்டுங்கள். கொத்தனார், சித்தாள் கூலி பாக்கி என்று வருகிறவர்கள் பாவம், உழைத்தவர்கள். மனமிரங்கிக் கொடுப்பதானால் எந்த நாள் வேலைக்கு எவ்வளவு என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். கான்ட்ராக்டர் கணக்கில் கழிக்க அது உதவும்.

போலீஸ் புகார் பற்றி: பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் பிரிவு 318-இன்கீழ் மோசடி ஆகும். பொய்யான முகவரி, இல்லாத நிறுவனத்தின் லெட்டர்ஹெட், போலி பில் போன்றவை இருந்தால் புகார் கொடுங்கள். பாதி வேலை செய்துவிட்டு நின்றவரை அதில் கொண்டுவருவது கடினம். 'சிவில் விவகாரம்' என்று ஸ்டேஷனில் சொல்வது இப்படிப்பட்ட இடத்தில் சரியான பதிலே. அங்கே அலையும் மாதங்களில் இரண்டு ஆண்டுக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: மாடுலர் கிச்சனுக்கு '710 மரைன் பிளை' என்று சொல்லித்தான் விலை பேசினார்கள். சிங்க்குக்குக் கீழே இருக்கும் பெட்டி ஒரே வருடத்தில் ஊதிவிட்டது. "தண்ணீர் பட்டால் எந்தப் பிளையும் ஊதும்" என்கிறார் கான்ட்ராக்டர். அது உண்மையா?
(வாசகி, சேலம்)

பதில்: உண்மையில்லை. ஐஎஸ் 710 தரப் பிளைவுட் 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அடுக்கு பிரியாமல் இருக்க வேண்டும் என்பதே அந்தத் தரத்தின் சோதனை. சிங்க் கசிவுக்கெல்லாம் அது ஊதாது.

உடைக்காமலே பார்க்க ஒரு வழி உண்டு. கதவின் கீலைக் கழற்றுங்கள். கீலின் கிண்ணம் உட்காரும் 35 மில்லிமீட்டர் குழியின் விளிம்பில் பலகையின் உள்பக்கம் தெரியும். மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக, இழை குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் பிளைவுட். மரத்தூளும் சிறு துண்டுகளும் அழுத்தியதாக இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. மாவுபோல ஒரே சீராக இருந்தால் எம்டிஎஃப் எனப்படும் மரநார்ப் பலகை. பிளைவுட்தான் என்றால், மைக்கா ஒட்டாத பின்பக்கத்தில் முத்திரையைத் தேடுங்கள். ஐஎஸ்ஐ குறிக்குப் பக்கத்தில் 710 இருக்கிறதா, 303 இருக்கிறதா என்று பாருங்கள். 303-உடன் 'எம்ஆர்' என்றிருந்தால் அது ஈரக்காற்றைத் தாங்குமே தவிர சிங்க்குக்கு அடியில் வைக்க ஏற்றதல்ல.

முத்திரையைப் படம் எடுத்து, ஊதிய பகுதியிலிருந்து ஒரு துண்டை அறுத்து உறையில் வையுங்கள். ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடமிருக்கிறது. பிளைவுட் வாங்கிய கடை பில்லையும் கான்ட்ராக்டரிடம் எழுதிக் கேளுங்கள். 710 என்று பில் இருந்து, முத்திரையும் இருந்து, அப்படியும் ஊதியிருந்தால் உற்பத்தியாளரையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: மே மாதம் மொட்டை மாடிக்கு 10 வருட கியாரண்டியோடு வாட்டர்புரூஃப் கோட்டிங் அடித்தோம். நவம்பர் மழையில் மூன்று இடத்தில் ஒழுகியது. "கட்டடத்தில் விரிசல் இருக்கிறது, அதற்கு நான் பொறுப்பில்லை" என்கிறார். ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் நடுவர் மூலமே தீர்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. ரெராவில் புகார் செய்யலாமா?
(வாசகர், தாம்பரம்)

பதில்: ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், மனையோ வீடோ விற்கும் புரமோட்டர்களுக்கானது. சொந்த வீட்டின் பழுதுபார்ப்பு அதில் வராது. நடுவர் ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியும். எமார் எம்ஜிஎஃப் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்துவிட்டது.

விரிசல் என்ற சமாதானத்தை அப்படியே ஏற்காதீர்கள். பழைய தளத்தைப் பார்த்து, விரிசலைப் பிரித்து அடைத்து, அழுக்கும் பாசியும் போகக் கழுவிக் காயவைத்து, அதன்பிறகு பூசுவதுதான் அந்த வேலை. விரிசல் பழையது என்றால் அதைப் பார்க்காமல் கியாரண்டி கொடுத்தது அவர் தவறு. அதனால் விரிசல் பழையதா புதியதா என்பதைப் பொறியாளர் அறிக்கையில் கட்டாயம் எழுத வையுங்கள். விரிசலின் உள்விளிம்பில் கோட்டிங் இறங்கியிருந்தால் அடிக்கும்போதே விரிசல் இருந்திருக்கிறது. கோட்டிங்கே சேர்ந்து கிழிந்திருந்தால் பிறகு வந்தது.

கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையை நன்றாகப் பாருங்கள். அங்கே கலவையால் சரிவாக வளைவு கட்டி, பூச்சைச் சுவரில் ஓரடி ஏற்றாமல் விட்டிருந்தால் ஒழுகலுக்கு அதுவே போதும். வாட்டம் 100-க்கு 1 என்ற அளவிலாவது மழைநீர்க் குழாயை நோக்கி இருக்க வேண்டும். மழை விட்டு மறுநாளும் குளம்போல நிற்கும் இடங்களைப் படம் எடுங்கள். காலி வாளிகள் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஒரு வாளி எத்தனை சதுர அடிக்கு எத்தனை கோட் என்று லேபிளில் அச்சிட்டிருப்பார்கள். மாடியின் பரப்பை அதோடு ஒப்பிட்டால் எத்தனை வாளிக்குத் தண்ணீர் கலந்து இழுத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

கியாரண்டித் தாள் யாருடைய லெட்டர்ஹெட்டில் இருக்கிறது? பொருள் தயாரித்த நிறுவனத்தின் தாளாக இருந்தால் அதில் வரிசை எண்ணும், அங்கீகரிக்கப்பட்ட அப்ளிகேட்டர் (பூச்சு அடிப்பவர்) பெயரும் இருக்கும். நிறுவனத்துக்கு எழுதி அது உண்மைதானா என்று உறுதிப்படுத்துங்கள். மழை ஓயும் வரை ஒழுகும் இடத்துக்குத் தார்ப்பாய் போடுங்கள், அதன் ரசீதையும் வையுங்கள். மேலும் கெடாமல் தடுக்க முயன்றீர்கள் என்பது உங்கள் பக்கத்துக்கு வலு. மாதக்கணக்கில் ஒழுகவிட்டு, கெட்டுப்போன மரச்சாமான்களுக்கெல்லாம் அவரிடம் கேட்டால் கிடைக்காது.

கேள்வி: பெயின்டிங் சதுர அடிக்கு 18 ரூபாய் என்று பேசினோம். 4,200 சதுர அடி என்று பில் தந்திருக்கிறார். நாங்கள் அளந்தால் 3,600-தான் வருகிறது. கதவு, ஜன்னலைக் கழிக்க மாட்டோம் என்கிறார்.
(வாசகர், ஈரோடு)

பதில்: கழிவு பற்றி முன்பே பேசவில்லை என்றால் ஐஎஸ் 1200 என்ற அளவு முறையைப் பொதுவான அடிப்படையாக வைக்கலாம். அரை சதுர மீட்டருக்குள் இருக்கும் திறப்புக்குக் கழிவு இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை சுவரின் ஒரு முகத்துக்கு மட்டும் கழிவு. அதற்கும் மேல் போனால் இரு முகத்துக்கும் கழித்து, பக்கவாட்டு விளிம்புகளைச் சேர்க்க வேண்டும். 7 அடிக்கு 3 அடி கதவு ஏறத்தாழ 2 சதுர மீட்டர், ஆகவே ஒரு பக்கம் மட்டும் கழியும். இரண்டு பேரும் சேர்ந்து அறை அறையாக டேப் பிடித்து, ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 600 சதுர அடி வித்தியாசத்துக்கு 10,800 ரூபாய். இதற்கு வழக்கு வேண்டியதில்லை. சரியென்று தோன்றும் அளவுக்குப் பணத்தைக் கொடுத்து, "அளவு இவ்வளவு, இத்தோடு முழுக் கணக்கும் தீர்ந்தது" என்று ரசீது வாங்கிவிடுங்கள்.

கேள்வி: நுகர்வோர் ஆணையம் எனக்கு 1,85,000 ரூபாயும் வட்டியும் தர உத்தரவிட்டு எட்டு மாதமாகிறது. கான்ட்ராக்டர் ஒரு பைசா தரவில்லை. இனி என்ன செய்வது?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: அவர் மேல்முறையீடு செய்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். மாநில ஆணையத்துக்குப் போக 45 நாள்தான் கெடு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால்தான் அதற்குப் பின் ஏற்பார்கள். உத்தரவான தொகையில் பாதியைக் கட்டினால்தான் மேல்முறையீடே எடுக்கப்படும். தடையுத்தரவு எதுவும் இல்லையென்றால், உத்தரவிட்ட அதே மாவட்ட ஆணையத்தில், உத்தரவின் சான்றிட்ட நகலோடு நிறைவேற்று மனு போடுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 71-இன்படி உத்தரவை ஒரு சிவில் நீதிமன்றத் தீர்ப்புபோலவே நிறைவேற்றலாம். சொத்தையோ வங்கிக் கணக்கையோ ஜப்தி செய்யக் கேட்கலாம். பிரிவு 72-இன்படி தனி மனு போட்டால், உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத, ஒரு லட்சம் வரையிலான அபராதம், அல்லது இரண்டும் விதிக்க முடியும். வாரண்ட் வீட்டு வாசலுக்கு வந்தபின் பணம் கட்டுகிறவர்கள் நிறைய. ஆனால் வாரண்ட் போய்ச் சேர வேண்டுமே! அவர் இப்போது குடியிருக்கும் முகவரி, உங்களிடம் பணம் வாங்கிய யூபிஐ அல்லது காசோலையில் உள்ள வங்கிக் கணக்கு விவரம், பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண், அவர் பெயரில் உள்ள வண்டியின் பதிவு எண் ஆகியவற்றை மனு போடும் முன்பே திரட்டி, ஒரு தாளில் எழுதி மனுவோடு இணையுங்கள்.